நாற்பத்தேழாம் சீட்டு

மழை விட்ட பத்து மணிக்குக்
குழு கிளம்பியது, கூ காங்சி மண்டபம் பார்க்க.
கூரை மேல் பீங்கான் குதிரைகள் ஓடுகின்றனவாம்.
எனக்குக் கழுத்து வலி, அண்ணாந்து பார்க்க ஆகாது என்றேன்.
பொய்.
நேற்றிரவு வக்கீல் அனுப்பிய செய்தியை
இன்னும் திறக்கவில்லை.
அதை வைத்துக்கொண்டு
யாரோடும் நடக்க முடியவில்லை.

குவான் யின் கோயில் முற்றத்தில்
புறாக்களுக்கும் புகைக்கும் நடுவே
பழக்கத்தில் செருப்பைக் கழற்றிவிட்டேன்.
வேறு ஒருவரும் கழற்றவில்லை.
ஊதுபத்தியா அது, என் முழங்கை மொத்தம்!
உதிர்ந்த சாம்பல் ஈரக் கல்லில் பசையாகி
உள்ளங்காலில் அப்பியது.
நிலைப்படியை மிதிக்காமல் தாண்டினேன்.
எனக்கு முன்னால் போன சீனரும்
மிதிக்காமல்தான் தாண்டினார்.
அது ஒன்றை மட்டும்
யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

உள்ளே ஒருத்தி மண்டியிட்டு
மூங்கில் குவளையைக் குலுக்கிக்கொண்டிருந்தாள்,
மழை தகரத்தில் பெய்கிற மாதிரி.
குச்சிகளில் ஒன்று எட்டிப் பார்த்தது,
தயங்கியது, விழுந்தது.
நானும் வாங்கிக் குலுக்கினேன்.
கேள்வியை நினைத்துக்கொண்டு குலுக்க வேண்டுமாம்.
நினைக்கத் தொடங்குமுன் விழுந்துவிட்டது.
மேசைக்காரர் விரலால் எண் சொன்னார்:
நான்கு, அப்புறம் ஏழு.
இழுப்பறையிலிருந்து ஓர் இளஞ்சிவப்புச் சீட்டு.
எந்தப் பக்கம் மேல் என்பதையும்
அவர்தான் திருப்பிக் காட்டினார்.

கொய்தியாவ் கிண்டுகிறவர் கை துடைத்து வாங்கி
எட்டப் பிடித்தார், கிட்டப் பிடித்தார்,
பழைய எழுத்து என்றுவிட்டு
முட்டை உடைக்கப் போனார்.
டாக்சிக்காரர் ஹாஃபிஸ் படிக்காமலே
"நல்லது, நல்லது" என்றார்.

குட்டி இந்தியாவில், வடைக் கடையை ஒட்டி
சிம் அட்டை விற்கிற தர்ஷாயினி
"பசியாறியாச்சா ஆண்ட்டி?" என்றபடி
சீட்டைப் பிடுங்கிக்கொண்டாள்.
சீனப் பள்ளியில் பதினோரு வருஷமாம்.
நகப்பூச்சு உரிந்த விரல் கட்டம் கட்டமாய் இறங்க,
முதலில் சீனம், பிறகு தமிழ்:
"வியாபாரம், பொறுக்கணும்.
நோய், மெதுவா ஆறும்.
காணாமப் போனது, வீட்டுக்குள்ளயே இருக்கு.
பயணம், இப்ப வேணாம்."
அவளே சிரித்தாள். "வந்துட்டீங்களே லா!"
"வழக்கு..."
ஓர் எழுத்து தெரியவில்லை. போனில் தேடினாள்.
"வழக்கு, விட்டுக் குடுத்தா நல்லது."

தங்கை மங்கையர்க்கரசியும் நானும்
திண்டுக்கல் கடைவீதியில்
ஒரே சுவருக்கு இரண்டு பக்கம், ஒன்பது வருஷம்.
இந்தத் தீவில் இதை நான்
எவரிடமும் சொன்னதில்லை.
முகம் சொல்லியிருக்க வேண்டும்.
"எல்லாச் சீட்டுலயும் வழக்குக்கு ஒரு கட்டம் இருக்கும் ஆண்ட்டி.
அம்மா எடுத்ததுலயும் இருந்துச்சு.
எங்களுக்கு வழக்கே கிடையாது."

சாயங்காலம் குயின் தெரு மாரியம்மன்.
இங்கே எல்லாரும் கழற்றியிருந்தார்கள்.
குவான் யின் சாம்பல் இன்னும் என் பாதத்தில்;
குழாயடியில் கழுவிக்கொண்டு நுழைந்தேன்.
யார் பேருக்கு அர்ச்சனை என்றார் குருக்கள்.
என் பெயரைச் சொன்னேன்.
தட்டை ஏந்தியபடி காத்திருந்தார்.
"அவ்வளவுதானா?"
"அவ்வளவுதான்."
குங்குமத்தை அள்ளிப் போட்டார், கை நிறைய.
மடிக்கத் தாள் தேடினேன்.
பையில் இருந்தது அது ஒன்றுதான்.

இரவு விடுதியில்
குதிரைப் படங்களைக் காட்டினார்கள்,
ஒன்றில் யாருடைய கட்டைவிரலோ வானத்தை மறைத்திருந்தது.
அறைக்கு வந்து பொட்டலத்தைப் பிரித்தேன்.
மடிப்போரம் ஒரு கட்டம்
முழுக்கச் சிவந்திருந்தது.
வழக்கா, பயணமா,
வீட்டுக்குள்ளேயே இருக்கிற
அந்தக் காணாமற் போனதா?
விளக்கடியில் பிடித்துத்
திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
எந்தப் பக்கம் மேல் என்பதே
மறந்துபோயிருந்தது.